யாழ்ப்பாணத்தில் ஆட்டோ வேண்டாம், நடங்கள்

கொழும்பிலிருந்து ராத்திரி பஸ். சாயாத சீட், மேலே ஏசியிலிருந்து தோளில் சொட்டிக்கொண்டே இருந்த தண்ணீர். 1990-இல் நின்றுபோய் 2014-இல்தான் ரயில் மறுபடி யாழ்ப்பாணத்துக்கு வந்தது. அதில் வரத்தான் ஆசை, டிக்கெட் கிடைக்கவில்லை. விடிகாலையில் தூக்கக் கலக்கத்தோடு பஸ் நிலையத்தில் இறங்கி, பொது நூலகத்துக்குப் பக்கத்து விடுதிக்கு ஆட்டோ பிடித்தேன். எங்கெங்கோ சுற்றிவிட்டு 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டார். இலங்கைக் காசுதான், இருந்தாலும் சாயங்காலம் அதே தூரத்தைப் பத்து நிமிடத்தில் நடந்தபோது வயிறு எரிந்தது. நூலகம், மணிக்கூட்டுக் கோபுரம், கோட்டை எல்லாமே நடக்கிற தூரம்தான்.

நூலகத்தைப் படங்களில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நேரில் அந்த வெள்ளைக் கட்டடமும் முன்னால் சரஸ்வதியும் தெரிந்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. 1981 மே 31 இரவு வைத்த தீயில் ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின, திரும்பக் கிடைக்காத ஏட்டுச்சுவடிகளும் சேர்த்து. நான் போனபோது உள்ளே ஒரு பையன் பென்சில் சீவிக்கொண்டிருந்தான். சீவிய துருவல் ஒன்றுகூடத் தரையில் விழாமல் இடது கையில் பிடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அங்கேயே நின்றுவிட்டேன்.

பக்கத்திலேயே இந்திய உதவியில் எழுந்த கலாசார மையம், 11 மாடி. 2025-இல் திருவள்ளுவர் பெயர் வைத்தார்கள். நூலகத்துக்குப் பக்கத்தில் அவ்வளவு உயரம் எனக்குக் கண்ணை உறுத்தியது. ஆனால் உள்ளே 600 பேர் உட்காரும் அரங்கு இருக்கிறது. இந்த ஊருக்கு அது அவசியம்.

அப்புறம் கோட்டை. போர்த்துக்கீசர் கட்டியதை 1658-இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) பிடித்து ஐங்கோணமாக்கினார்கள். மதிலில் கை வைத்துப் பாருங்கள், முருகைக்கல். பவளப்பூச்சி கட்டிய சின்னச் சின்னக் கண்ணறைகள் விரலில் தட்டுப்படும். மதிலைச் சீராக்கிவிட்டார்கள். உள்ளே 1706-இல் கட்டிய தேவாலயம் மட்டும், 1990 சண்டையில் இடிந்தது, இடிபாடாகவே கிடக்கிறது. அதை இப்படியே விட்டுவிட வேண்டும் என்பேன். இங்கே என்ன நடந்தது என்பதைக் காட்ட ஓர் இடமாவது வேண்டாமா?

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது இது. ஒடியல் கூழ்! நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் ஒடியல் மாவில், அதாவது காயவைத்த பனங்கிழங்கு மாவில், கொதித்து, புளியும் மிளகாயும் சேர்ந்து மூக்கில் ஏறும். நான் ஊதிக்கொண்டே உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக் கடைக்கார அம்மா, "பிள்ளை, சூட்டோட குடியுங்கோ, ஆறினா தடிச்சுப்போம்" என்றார். குடித்தேன். நாக்கு சுட்டது, கண்ணில் தண்ணீர். நண்டுக் காலை உறிஞ்சி முடிக்கும் முன்பே இரண்டாவது கிண்ணம் கேட்டுவிட்டேன். இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்தது அந்த ஆட்டோ காசைவிடக் குறைவு.