ஃபியர் முதல் பாகம் ஒருவழியாக ஒழுங்காக ஓடுகிறது

மொனொலித் நிறுவனம் செய்து 2005இல் வந்த ஃபியர் என்ற சுடும் ஆட்டம் இப்போது என் விண்டோஸ் 10 கொம்பியூட்டரில் முதலிலிருந்து கடைசிவரை ஒரே வேகத்தில் ஓடுகிறது. சந்தோசம் தாங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். இதுவரை தொடங்கும்போது பளிச்சென்று போகும், கொஞ்ச நேரத்தில் இழுக்கும், மூடித் திறந்தால் சரி, பிறகு பழையபடி. கிராஃபிக்ஸ் கார்ட் சூடாகுது என்றார்கள், ராம் காணாது என்றார்கள். இரண்டும் இல்லை. காரணம் மவுஸும் கீபோர்ட்டும்தான்.

இன்றைய கேமிங் மவுஸ் ஒன்றைக் குத்தினால் விண்டோஸ் அதை இரண்டு மூன்று எச்.ஐ.டி. சாதனங்களாக, அதாவது மனிதர் கையாளும் கருவிகளாக, பதிகிறது. இந்தப் பழைய ஆட்டம் மவுஸ், கீபோர்ட் அசைவுகளை வாசிக்கும் விண்டோஸின் டைரக்ட் இன்புட் வழியாக அவற்றோடு மல்லுக்கட்டும்போது வேகம் விழுந்துவிடுகிறது. டிவைஸ் மானேஜரில் போய் எச்.ஐ.டி. வரிசையில் தேவையில்லாதவற்றை டிசேபிள் பண்ணினால் சரிவரும், ஆனால் கீபோர்ட்டில் சத்தம் கூட்டிக் குறைக்கும் பட்டன் செத்துவிடும். அதைவிட, ரசிகர்கள் திருத்திய டிஇன்புட்8 டி.எல்.எல். (dinput8.dll) கோப்பை எடுத்து ஆட்டத்தைத் தொடக்கும் இஎக்ஸ்இ கோப்பு கிடக்கும் ஃபோல்டரிலேயே போடுங்கள். கவனம், ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கும் பதிப்பில் இரண்டு துணைப் பாகங்களுக்கும் தனித்தனி ஃபோல்டர், தனித்தனி இஎக்ஸ்இ. அங்கேயும் ஒவ்வொரு பிரதி போடவேண்டும். அப்புறம் நிழலின் ஓரத்தை மென்மையாக்கும் சொஃப்ட் ஷாடோவும் கோடுகளின் பிசிறை நீக்கும் அன்டி அலையசிங்கும் ஒன்றாகச் சேராது. நான் நிழலைத்தான் விட்டுக்கொடுத்தேன்.

கார்ட் பழையதுதான். யாழ்ப்பாணத்தில் கேட்டால் புதிதையே காட்டுகிறார்கள், அதனால் கொம்பியூட்டர் கடைகள் நிறைந்த கொழும்பு யூனிட்டி பிளாசா பக்கம் தெரிந்த பெடியன் ஒருவனிடம் சொல்லி பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னேன். இந்த வயது ஆட்டங்களுக்கு அது தாராளம். யூபிஎஸ்ஸுக்குப் புது பற்றரி போடுவதுதான் அடுத்த செலவு.

சரி, இரண்டாம் பாகத்துக்கு வருவோம். "முதல் பாகம் முழுக்க ஒரே ஒஃபிஸ்தானே மச்சான், ரெண்டுதான் திறம்" என்று என் மச்சான் அடித்துச் சொல்கிறான். இடங்கள் விசயத்தில் அவன் சொல்வது சரி. 2009இல் அதே மொனொலித் செய்தது, நிறம் அதிகம், அந்தப் பள்ளிக்கூடக் கட்டம் உண்மையாகவே பயம் காட்டும். சண்டைக்கு வந்தால் நான் முதல் பாகத்தின் பக்கம்தான். மூலையில் நின்று சாய்ந்து எட்டிப்பார்ப்பதை இரண்டில் எடுத்துவிட்டார்கள், எனக்கு அது பெரிய இழப்பு. இயந்திரக் கவசத்துக்குள் ஏறிச் சுட்டுத்தள்ளும் கட்டங்களில் ஆபத்தே இல்லை.

முதல் பாகத்தில் ஷொட்கன்னோடு ஒரு அறைக்குள் நிற்கிறேன், நேரத்தை மெதுவாக்கும் ஸ்லோமோவை அழுத்தியதும் சுவர்ப் பூச்சு தூளாகி அறையையே மூடுகிறது, முன்னால் ஒருவன் சுட்டு என்னை மறித்து வைக்க இன்னொருவன் பக்கத்துக் கதவால் சுற்றி முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டான். எதிரிகளின் செயற்கை அறிவுக்கு நிரல் எழுதிய ஜெஃப் ஓர்கின், ஆட்டம் செய்பவர்கள் கூடும் 2006 ஜிடிசி மாநாட்டில் இதன் உள்வேலையை விளக்கியிருக்கிறார்: சிப்பாய்க்கு இலக்கையும் செய்யக்கூடிய செயல்களையும் கொடுத்துவிட்டால், எதை எந்த வரிசையில் செய்வது என்று அவனே அந்த நேரத்தில் திட்டம் போடுவான். கடைசி ஆள் மிஞ்சினால் உதவிப்படை கேட்டுக் கத்துவான், ஆனால் படையைக் கூப்பிடும் ஏற்பாடே நிரலில் இல்லையாம். அடுத்த அறையில் எப்படியும் ஆட்கள் நிற்பார்கள், அவன் கூப்பிட்டுத்தான் வந்தார்கள் என்று நாம் நம்பிவிடுவோம். எனக்கு இதைவிடக் கெட்டித்தனமான வேலை தெரியாது.

துணைப் பாகங்களில் எக்ஸ்ட்ராக்‌ஷன் பொயின்ட் பாதியில் நிற்கிறது. அதன் கதையை இரண்டாம் பாகம் கணக்கிலேயே எடுக்கவில்லை, ஆனாலும் சண்டைக்காக முடிக்கப்போகிறேன். 2011இல் வந்த மூன்றாவது இருவர் சேர்ந்து ஆடுவது, அதை மச்சானோடுதான். இதற்கிடையில் மொனொலித் 2000இல் செய்த நோ வன் லிவ்ஸ் ஃபொரெவர் என்ற உளவாளி ஆட்டத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. உரிமைச் சிக்கலால் அது டிஜிட்டலாக எங்கேயும் விற்பனைக்கு இல்லை. பழைய சிடி யாரிடமாவது கிடந்தால் சொல்லுங்கள், கொடுக்கிற விலைக்கு எடுக்கிறேன்.