பீட்டில்ஸ் வேண்டாமென்ற பாட்டு

பிப்ரவரி 3

இந்த வாரம் காதில் 1960களின் பிரிட்டிஷ் பாப் குழு ஜெர்ரி அண்ட் த பேஸ்மேக்கர்ஸ்தான். பீட்டில்ஸின் அதே லிவர்பூல், அதே மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன், அதே தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். ஜெர்ரி மார்ஸ்டன் பாட்டும் கிட்டாரும், அண்ணன் ஃப்ரெட் டிரம்ஸ், லெஸ் சாட்விக் பாஸ், லெஸ் மக்வயர் பியானோ. முதலில் குழுவுக்கு மார்ஸ் பார்ஸ் என்று பெயராம். சாக்லேட் கம்பெனி விடுமா? மாற்றவேண்டியதாயிற்று.

பிப்ரவரி 5

'ஹவ் டூ யூ டூ இட்?' கதைக்கு வருகிறேன். மிட்ச் முர்ரே எழுதியது. நிச்சயம் ஹிட் என்று நம்பிய மார்ட்டின், 1962 செப்டம்பரில் பீட்டில்ஸைப் பாடவைத்துப் பதிவும் செய்துவிட்டார். அவர்களோ சொந்தப் பாட்டுதான் வெளிவரவேண்டும் என்று பிடிவாதம். 'லவ் மி டூ' வந்தது, பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 17ஆம் இடம் வரை போனது. ஒதுக்கிய பாட்டு ஜெர்ரியிடம் போய், 1963 ஏப்ரலில் முதலிடம் பிடித்து மூன்று வாரம் நின்றது.

பீட்டில்ஸ் பதிவு 1995இல் அதிகாரபூர்வமாக வெளியானது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். பீட்டில்ஸின் ஜான் லெனன் கடனே என்று பாடுகிறார். ஜெர்ரி குரலில் சிரிப்பு கேட்கிறது. நடுவே மக்வயரின் பியானோ துள்ளிக்கொண்டு வந்து போகிறது. மார்ட்டின் கணக்கு தப்பவில்லை, ஆள்தான் மாறிவிட்டது.

பிப்ரவரி 6

'ஐ லைக் இட்'. இதுவும் முர்ரே, இதுவும் முதலிடம். முதல் பாட்டின் தம்பி, வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 9

மூன்றாவதுதான் துணிச்சல். ஆட்டம் போடவைக்கும் குழு, 1945இல் வந்த 'கரோசல்' என்ற அமெரிக்க இசைநாடகத்திலிருந்து 'யூல் நெவர் வாக் அலோன்' பாட்டை எடுக்கிறது. வயலின்கள் வேறு. ஜெர்ரி அடக்கமாகத் தொடங்கி, கடைசி வரியில் தொண்டையைத் திறக்கிறார். 1963 முடிவதற்குள் அதுவும் முதலிடம். முதல் மூன்று சிங்கிளும் (தனிப்பாட்டு இசைத்தட்டு) முதலிடம் என்பது பிரிட்டனில் அதுவரை யாருக்கும் வாய்க்காதது. 1984இல்தான் இன்னொரு குழு அதை எட்டியது, அவர்களும் லிவர்பூல்காரர்களே! லிவர்பூல் கால்பந்துக் குழுவின் ஆன்ஃபீல்ட் மைதான ரசிகர்கள் பாட்டைத் தங்களுடையதாக்கிக்கொண்டது ஊரறிந்த கதை.

பிப்ரவரி 12

நண்பர் ஒருவர், "ஊரார் எழுதிய பாட்டில் பேர் வாங்கியவர்கள்தானே?" என்கிறார். சரி, முதல் மூன்றுக்கு ஒத்துக்கொள்ளலாம். ஆனால் நான்காவது, 'ஐம் த ஒன்', ஜெர்ரியே எழுதியது. 1964 தொடக்கத்தில் இரண்டாம் இடம் வரை வந்தது. அமெரிக்காவில் நான்காம் இடம் பிடித்த 'டோண்ட் லெட் த சன் கேட்ச் யூ க்ரையிங்', ஆறாம் இடம் போன 'ஃபெரி க்ராஸ் த மெர்சி' இரண்டும் வீட்டுச் சரக்கு. அங்கே அவர்களுக்கு இவற்றைவிடப் பெரிய ஹிட் இல்லை. நண்பருக்கு இரண்டையும் அனுப்பியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.

1966இல் குழு கலைந்தது. ஜெர்ரி மேடை இசைநாடகம், குழந்தைகள் டிவி நிகழ்ச்சி என்று போய்விட்டார். 'ஐம் த ஒன்' முதலிடம் போகாமல் தடுத்தவர்கள் சர்ச்சர்ஸ், அதே ஊர்க்காரர்கள். அடுத்த வாரம் அவர்கள்.