மான் குழியைச் சுற்றி

ஜூன் 3, திங்கள்
ஓடிப் பழகும் அட்டவணையில் முதல் நாள். ஐந்து நிமிடம் நடை. பிறகு அறுபது விநாடி ஓட்டம், தொண்ணூறு விநாடி நடை, இதே மாதிரி எட்டு தடவை. போனில் ஒரு பெண் குரல் 'ஓடு', 'நட' என்று சொல்கிறது. அறுபது விநாடி என்ன பெரிய காரியம் என்றுதான் கிளம்பினேன். ஆறாவது தடவை அந்தக் குரலைக் கொன்று போடலாம் போலிருந்தது.

ஜூன் 4
பர்மிட் விஷயமாக ஆபீஸிலிருந்து கூப்பிடவில்லை.

ஜூன் 5, புதன்
மொரீஷியஸில் இந்தக் கியூர்பிப் ஊருக்கு இரண்டே பருவம்: மழைக்காலம், மழை வரப்போகிற காலம். இன்று இரண்டாவது. எரிமலை விளிம்பில் பைன் மரம் எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. இந்த எரிமலையின் பெயர் த்ரூ ஓ செர், மான் குழி என்று அர்த்தமாம். மானைக் காணோம், நாய்தான். நான்கு நாய். நடந்தால் கண்டுகொள்வதில்லை, ஓடினால் எழுந்து நிற்கின்றன. அதற்காகவே இரண்டு ஓட்டத்தை நடையாக்கினேன். நாய்மேல் பழி.

அம்மாவிடம் சொன்னேன். "ஏண்டி, யாரு துரத்துறா?"

ஜூன் 8, சனி
ஷூ. பழைய கேன்வாஸில் ஓடினால் குதிகால் கத்துகிறது. கடையில் மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய் சொல்கிறான். ஓடும்போது கால் வீங்கும், கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல்கடை இடம் இருக்கவேண்டும் என்று பெரிய சைஸைக் காட்டுகிறான். போட்டுப் பார்த்தேன், கழற்றி வைத்தேன். ஹாலில் ஏழு அட்டைப்பெட்டி பாதி கட்டியபடி கிடக்கிறது. இந்த நேரத்தில் புது ஷூ வாங்குகிறவள் யார்? ஊருக்கே போவதென்றால் பெட்டியில் அதுவும் ஒரு எடை. இருப்பதென்றால் சரி. இருப்போமா?

இவர் ஒன்றும் சொல்லவில்லை. சாயந்திரம் தானே போய் வாங்கி வந்துவிட்டார். சண்டை போட்டேன். பிறகு போட்டுக்கொண்டு சமையலறையில் நடந்து பார்த்தேன்.

ஜூன் 12, புதன்
தொண்ணூறு விநாடி ஓட்டம், இரண்டு நிமிட நடை. முடிந்தது.

காலண்டரை எடுத்து எண்ணினேன். மொத்தம் ஒன்பது வாரம். கடைசி வாரம் ஆகஸ்ட் 3-இல் முடிகிறது. இங்கே தங்கும் பர்மிட் ஜூலை 31 வரைதான். மூன்று நாள் இடிக்கிறது. நடுவில் ஒரு நாளைச் சுருக்கினால்? மூன்று ஓட்டத்துக்கு நடுவில் ஓய்வு நாள் கட்டாயம் என்று போட்டிருக்கிறது, எலும்பும் தசையும் பழக அவகாசம் வேண்டுமாம். எல்லாரும் அவகாசம் கேட்கிறார்கள். ஆபீஸ்காரர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று இப்போதே சொல்கிற காகிதம் இந்த வீட்டில் இந்த அட்டவணை ஒன்றுதான்.

ஜூன் 13
நாலு மணிக்கு விழிப்பு. அங்கே ஐந்தரை, அம்மா எழுந்து கோலம் போட்டுக்கொண்டிருப்பாள். கூப்பிடவில்லை. நானும், அவர்களும்.

ஜூன் 19, புதன்
மூன்று நிமிடம்! நிற்காமல், இரண்டு தடவை!

விளிம்பில் தினமும் ஒரு தாத்தா நடக்கிறார், மஞ்சள் மழைக்கோட்டு. என் நெற்றியைப் பார்த்து "வணக்கம்" என்றார். தமிழில் பேசினேன், சிரித்துவிட்டு கிரியோலுக்குத் தாவிவிட்டார். "கி மன்யேர்?" எப்படி இருக்கிறாய் என்று. "கோரெக்", நலம், என்றேன், எனக்குத் தெரிந்ததே அவ்வளவுதான். மேட்டில் நான் மூச்சு வாங்கும்போது பின்னாலிருந்து "அரோகரா!" என்று ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள். தோளில் காவடி இருப்பது போல ஏறிவிட்டேன்.

வழியில் கத்தோ பிமா ஐந்து வாங்கினேன். நம்ம ஆமவடைதான், அளவு மட்டும் சின்னது. ஓடியதெல்லாம் வடையோடு போச்சு. போகட்டும்.

ஜூன் 24, திங்கள்
முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரமாக வலி. விரலால் அழுத்தினால் உயிர் போகிறது. ஐந்து நிமிட ஓட்டத்தில் நிறுத்திவிட்டு நொண்டிக்கொண்டே வந்தேன்.

ஜூன் 25
ஐஸ்.

ஜூன் 27, வியாழன்
தப்பு என்னுடையதுதான். அந்த மூன்று நாளை மிச்சம் பிடிக்க, வேகமாக ஓடினால் சீக்கிரம் தேறிவிடலாம் என்று நினைத்தேன். ஓடும்போது முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், முடியவில்லை என்றால் வேகம் அதிகம். எனக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை, அரோகராவுக்குப் பதில் சொல்லக்கூட. இந்த வாரம் போச்சு. நாலாவது வாரத்தைத் திரும்ப ஓடவேண்டும். முடிவு ஆகஸ்ட் 10. பத்து நாள் இடிக்கிறது. இடிக்கட்டும், போ.

வீட்டுக்காரம்மா அடுத்த மாதமும் இருப்பீர்களா என்று கேட்டாள். குட்டி பள்ளிக்கூடத்திலும் அதையே கேட்கிறார்களாம். குட்டி "அம்மாவுக்குக் கால் வலி" என்று சொல்லியிருக்கிறாள்.

ஜூலை 1, திங்கள்
மெதுவாக. பதிமூன்றாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓடினேன். ஏழு பதிமூன்று தொண்ணூற்றொன்று. மூச்சு முட்டினால் வேகத்தைக் குறை, திரும்பச் சொல். தாத்தா நடந்தே என்னை முந்திவிட்டார். கால் வலிக்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்
போன் அடித்தது! ஈரக்கையோடு ஓடினேன். கேஸ் சிலிண்டர்க்காரன்.

ஜூலை 10, புதன்
எட்டு நிமிடம், ஐந்து நிமிட நடை, மறுபடி எட்டு. வெள்ளிக்கிழமைக்கு அட்டவணையைப் பார்த்தேன். இருபது. நடுவில் நடையே கிடையாது. அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

ஜூலை 12, வெள்ளி
போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். காலை ஆறரைக்கு எந்த ஆபீஸ் கூப்பிடப்போகிறது? ஆனாலும் இத்தனை நாள் கையிலேயே பிடித்துக்கொண்டுதான் ஓடியிருக்கிறேன். இவருடைய பழைய கடிகாரத்தைக் கட்டிக்கொண்டேன்.

ஒரு சுற்று ஒரு கிலோமீட்டர் சொச்சம். முதல் சுற்றில் வாய்ப்பாடு. இரண்டாவதில் வலது விலாவில் பிடிப்பு. மூச்சை நீளமாக விட்டு விட்டுச் சமாளித்தேன். பதினான்காவது நிமிடம் மேடு. நாய்கள் படுத்தே கிடந்தன, என்னை ஓடுகிறவள் என்று அவை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை போல. மேகம் விலகி த்ருவா மாமெல் மலையின் மூன்று முனையும் தெரிந்தது. ஆறு மாதமாக இங்கே இருக்கிறேன், மூன்றையும் ஒன்றாகப் பார்த்தது இன்றுதான். பதினெட்டு. பத்தொன்பது. கடிகாரம் மெதுவாக ஓடுகிறதா என்று சந்தேகம். இருபதிலும் நிற்கவில்லை, தாத்தா பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தொன்றில் நின்றேன்.

அம்மாவிடம் சொன்னேன். "இருபது நிமிஷமா? பஸ்ஸைப் பிடிச்சிருக்கலாமே."

ஜூலை 14, ஞாயிறு
மழை. ஒரு பெட்டியைப் பிரித்தேன், இட்லித்தட்டு அதில் மாட்டிக்கொண்டது. திரும்ப ஒட்டவில்லை.

ஜூலை 15, திங்கள்
ஆறாவது வாரம் ஐந்து நிமிடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறது, ஏனோ. விடாத மழை, போகவில்லை. ஷூவுக்குள் செய்தித்தாள் திணித்து அடுப்புப் பக்கம் வைத்திருக்கிறேன். எட்டேகாலுக்குக் கூப்பிட்டார்கள். இவரைப் பதினோரு மணிக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள்.