குறை எதுவும் காணப்படவில்லை

புது வேட்டை ரைஃபிள் கைக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, காலியாக வைத்து, தோட்டாவை உள்ளே தள்ளி வெளியே இழுக்கும் போல்ட்டை இழுத்து இழுத்துத் தள்ளியதுதான். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும் என்று நினைத்தேன். மணலை அரைப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. சரி, புதுசு அப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாகும் என்று சொல்லிக்கொண்டேன். புதுச் செருப்பு கடித்தாலும் இதையேதான் சொல்லிக்கொள்வேன்.

பெட்டிக்குள், நிறுவனத்தில் சுட்டுப் பார்த்த சோதனை அட்டை வேறு இருந்தது. மூன்று ஓட்டைகள், மூன்றையும் ஒரு நாணயத்தால் மூடிவிடலாம். அதைப் பார்த்தபிறகு துப்பாக்கியைச் சந்தேகிக்க மனசு வருமா?

சுடுதளத்தில் 100 மீட்டரில் அட்டையை வைத்தேன். முதல் இரண்டு குண்டும் பக்கத்துப் பக்கத்தில் விழுந்தன. மூன்றாவது நான்கு விரற்கடை இடதுபக்கம். நான்காவது இன்னும் இடதுபக்கம். ஐந்தாவது அட்டையிலேயே இல்லை. குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பின் திருகைத் திருப்பினால் சரியாகும் என்று திருப்பிக்கொண்டே போனேன், ஒரு கட்டத்தில் அதுவும் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. இதற்கு நடுவே காலித் தோட்டா ஒவ்வொன்றும் தான் உட்காரும் அறைக்குள் இருந்து வரமாட்டேன் என்று அடம்பிடிக்க, போல்ட்டை உள்ளங்கையால் அடித்து அடித்துக் கை சிவந்துவிட்டது.

மூன்று வாரம் என்னையேதான் திட்டிக்கொண்டேன். மூச்சு சரியில்லை, தோள் சரியில்லை, கண்ணாடி பவர் கூடியிருக்கும். "துப்பாக்கியில் கோளாறு இருக்குமோ?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள். புதுத் துப்பாக்கியைப் போய் அப்படிச் சொல்லலாமா என்று கோபம் வந்தது. (கண் மருத்துவரிடமும் போய்வந்தேன். பவர் கூடவில்லை.)

நான்காவது வாரம் பக்கத்து மேசைப் பெரியவருக்குப் பொறுமை போய்விட்டது. "தம்பி, காலி பண்ணிட்டு இங்க கொடுங்க" என்றார். ஒரு துண்டுக் காகிதத்தைப் பேரலுக்கும் அதற்கு அடியில் இருக்கும் மரக்கட்டைக்கும் நடுவே விட்டு இழுத்தார். முனையிலிருந்து ஒரு சாண் கூடப் போகவில்லை, வலதுபக்கம் சிக்கிக்கொண்டது.

"இந்த ரகத்துல பேரல் கட்டையில படாம நிக்கணும். இதுல கட்டை வலப்பக்கம் முட்டுது. சூடேறச் சூடேற பேரலை இடப்பக்கம் தள்ளுது. நீங்க என்ன பண்ணுவீங்க?"

அந்த ஒரு கேள்விக்காக அவர் காலில் விழுந்திருப்பேன்.

அப்புறம் என் காலித் தோட்டா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். சுற்றிலும் மெல்லிய கோடுகள். சுடும்போது பித்தளை விரிந்து அறையின் சுவரோடு ஒட்டி, உடனே சற்றுச் சுருங்கி விடுபட வேண்டுமாம். என் அறைக்குள் கடைசல் கோடுகளை யாரும் மெருகேற்றவில்லை, அதனால் பித்தளை பிடித்துக்கொண்டது. ஸ்கோப் விவகாரம் இன்னும் எளிது: அதைத் தாங்கும் திருகு ஓட்டைகளே ஒரே நேர்க்கோட்டில் இல்லை.

இதுவரை சிரித்துக்கொண்டேதான் பேசினார். கடைசியாக, அறையும் மேகசினும் காலி என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டு, முனையை மண்மேட்டுப் பக்கம் திருப்பி, தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டியைப் போட்டு விசையை அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. விரலை எடுத்தார். சேஃப்டியை மட்டும் விலக்கினார். "டிக்." விசையை யாரும் தொடவில்லை, தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசி விழுந்துவிட்டது.

அவர் சிரிப்பு நின்றது. "மூட்டை கட்டுங்க. இனிமே இதுல ஒரு தோட்டாகூட ஏத்தாதீங்க, நீங்களா கழற்றவும் வேண்டாம்."

நிறுவனத்துக்கு எழுதினேன். நல்ல எண்ணெய் போடுமாறு பதில் வந்தது. "டிக்" சத்தத்தைக் காணொளியாக அனுப்பினேன். மறுநாளே, துப்பாக்கியைத் திருப்பி அனுப்புங்கள், அனுப்பும் செலவும் எங்களுடையது என்று பதில் வந்தது. எண்ணெயைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. வேட்டைக்காலம் அதற்குள் முடிந்திருந்தது. பெட்டிக்குள் ஒரு சீட்டு: "பரிசோதிக்கப்பட்டது. குறை எதுவும் காணப்படவில்லை."

நான் அனுப்பிய மரக்கட்டையில் கன்னம் வைக்கும் இடத்தில் ஒரு முடிச்சு இருந்தது. வந்த கட்டையில் முடிச்சைக் காணோம். போல்ட் வெண்ணெயாக வழுக்கியது. காலியாக வைத்துச் சேஃப்டியை ஐம்பது தடவை சோதித்தேன், ஒரு "டிக்" இல்லை. குறையே இல்லாத துப்பாக்கிக்கு இவ்வளவு வேலை பார்த்திருக்கிறார்கள், பாவம்.

சுடுதளத்துக்கு எடுத்துப்போனேன். பெரியவரின் காகிதம் பேரலுக்கு அடியில் தடையில்லாமல் ஓடியது. ஐந்து குண்டு சுட்டேன். நான்கு ஒரே கொத்தாக விழுந்தன. ஐந்தாவது, பழைய பாசத்தில், இடதுபக்கம் போயிருந்தது.

தொலைநோக்கியில் பார்த்த பெரியவர் மறுபடியும் அந்தத் துண்டுக் காகிதத்தை எடுத்தார்.

"தம்பி, இதை உங்க தோளுக்கும் காதுக்கும் நடுவுல விட்டுப் பார்க்கலாமா?"