பத்து சதவீதம்னா எதுல பத்து?

மாடுகளுக்கு வர்ற தொத்து நுரையீரல் அழற்சி பத்தி சர்வே வந்தா எல்லாரும் முதல்ல தேடறது ஒரு சதவீதத்தைத்தான். எனக்கு அந்த ஒத்தை நம்பரைப் பார்த்தாலே பதறுது, ஏன்னா அதை வச்சுத்தான் ஊசி போடறதா, மந்தையையே அழிக்கிறதான்னு முடிவெடுக்குறாங்க. 1995-ல போட்ஸ்வானாவுக்குள்ள இது திரும்ப வந்தப்போ, பரவாம தடுக்க 3 லட்சத்துக்கும் மேல மாடுகளைக் கொன்னாங்க.

சிபிபிபின்னு சுருக்கமா சொல்ற இந்த நோய்க்குக் காரணம் ஒரு மைக்கோபிளாஸ்மா கிருமி. இருமுற மாட்டுக்குப் பக்கத்துல நிக்கிற மாட்டுக்கு மூச்சு வழியா தொத்திக்கும், அறிகுறி தெரிய வாரக்கணக்கா, சில சமயம் மாசக்கணக்கா ஆகும். இதுல கொடுமை, தேறிட்ட மாடுன்னு நாம நினைக்கிறதோட நுரையீரல்ல செத்த சதை ஒரு உறைக்குள்ள மூடிக்கிட்டு கிடக்கும், உள்ள கிருமி உயிரோடவும் இருக்கலாம், மாடு பாட்டுக்கு நல்லா மேஞ்சுக்கிட்டு இருக்கும். கண்ணால பார்த்து எண்றதெல்லாம் நடக்காது.

சரி, ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணலாம்னா, நோய் ரொம்ப ஆரம்பத்துல இருக்கிற மாடும் நாள்பட்ட மாடும் தப்பிச்சுடும். அதனால இந்த ரிசல்ட்டை மந்தை அளவுலதான் எடுத்துக்கணும், தனி மாட்டை வச்சு முடிவு பண்ணக்கூடாது.

ஆனா மந்தைன்னு வந்தா வேற சிக்கல். ஒரு கணக்குக்கு, நோய் இல்லாத 100 மாட்டுல 2 மாட்டுக்குத் தப்பா பாசிட்டிவ் காட்டுற டெஸ்ட்னு வச்சுக்குவோம், கேக்க நல்ல டெஸ்ட்தான். நோயே இல்லாத மந்தையில 30 மாட்டை டெஸ்ட் பண்ணா ஒண்ணாவது பாசிட்டிவ் வர்ற வாய்ப்பு ஏறக்குறைய 45 சதவீதம்! ஒரு மாடு பாசிட்டிவ்னாலே மந்தைக்கே நோய்னு எழுதினா சுத்தமான மந்தைல பாதிக்குக் கொஞ்சம் கம்மியா பழி விழும். அதே டெஸ்ட், நோய் உள்ள 100 மாட்டுல 64-ஐத்தான் கண்டுபிடிக்குதுன்னா, மாட்டுக் கணக்குல 10 சதவீதம் பாசிட்டிவ்னு வந்தா உண்மையில நோய் 13 சதவீதம் கிட்ட இருக்கும். ஒரே டெஸ்ட் மந்தைக் கணக்கைக் கூட்டிக் காட்டுது, மாட்டுக் கணக்கைக் குறைச்சுக் காட்டுது, அதனால ரெண்டையும் தனித்தனியா போடச் சொல்லி நான் கெஞ்சாத குறை.

சாம்பிள் எடுக்குற விதமும் அப்படித்தான். 10 மந்தைல 300 மாடும், 100 மந்தைல 300 மாடும் ஒண்ணு கிடையாது, ஒண்ணா மேயுற மாடுகளுக்கு ஒண்ணாத்தான் நோய் வரும். ரோட்டோரமா வண்டி போற இடத்துல மட்டும் ரத்தம் எடுத்துட்டு மொத்த மாவட்டத்துக்கும் நம்பர் போடறது பெரிய தப்பு.

மாடு வெட்டுற இடத்துல நுரையீரலைப் பார்க்கறதும் உதவும். விலாவோட ஒட்டி, பளிங்குக்கல் மாதிரி கோடு கோடா, சுத்தி மஞ்சத் தண்ணி கட்டி இருக்கும், பெரும்பாலும் ஒரு பக்க நுரையீரல்லதான். அங்க வர்ற மாடுகளை வச்சு சதவீதம் போட முடியாது, நோஞ்சான் மாட்டைத்தானே முதல்ல விப்பாங்க. ஆனா அந்த மாடு எந்த மந்தைலேர்ந்து வந்துச்சுன்னு எழுதி வச்சிருந்தா, அடுத்த நாளே அந்த மந்தைக்குப் போய் மீதி மாடுகளைப் பார்த்துடலாம்.