ரிவர்ஸ் மரம், இந்த வருடம்

மார்ச் 9
செர்ரி மரத்தில் மொட்டுகள் வீங்க ஆரம்பித்துவிட்டன. குறுங்கிளையில் கொத்துக் கொத்தாக, உருண்டையாக இருந்தால் பூ மொட்டு. ஒற்றையாக, கூராக இருந்தால் இலை. தெற்குக் கிளையில் மட்டும் பூக்கொத்து அறுபதுக்கு மேல் எண்ணினேன். போன வருடமும் இப்படித்தான் எண்ணினேன் என்று ஞாபகம் வந்ததும் நிறுத்திவிட்டேன்.

மார்ச் 14
ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். "சரி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "உன் மரம் எப்ப பூக்கும்?"

மார்ச் 22
தூக்கம் வரவில்லை, இதையாவது எழுதி வைக்கிறேன். மூன்று வருடம் வீணாய்ப் போனதற்கு நான்தான் காரணம், வேறு யாரும் இல்லை. மரத்தின் பெயர் 'எர்லி ரிவர்ஸ்'. இங்கிலாந்தில் சாபிரிட்ஜ்வொர்த் என்ற ஊரில் நாற்றுப் பண்ணை வைத்திருந்த தாமஸ் ரிவர்ஸ் விதையிலிருந்து வளர்த்துத் தேர்ந்தெடுத்த ரகம், 1872இல் வெளிவந்தது. மற்ற செர்ரிகள் இன்னும் பச்சையாகத் தொங்கும்போதே இது கறுத்துவிடும், அதற்காகத்தான் வாங்கினேன், எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. தன் மகரந்தத்தால் தானே காய்க்காது, பக்கத்தில் வேறு ரகம் வேண்டும், அதுவும் தெரியும். தெரிந்துதான் 'பிளாக் டார்ட்டேரியன்' வைத்தேன். 1790களில் ரஷ்யாவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த பழைய ரகம், கறுப்புப் பழம், பெயரே ஒரு ராஜா மாதிரி. இரண்டும் பூத்தன. தேனீ வந்தது. ஒரு காய்கூட நிற்கவில்லை. அடுத்த வருடமும் இல்லை, அதற்கடுத்த வருடமும் இல்லை, நான் உரத்தை மாற்றினேன், மண்ணைக் குறை சொன்னேன், தேனீயைக்கூடத் திட்டினேன்.

விஷயம் என்னவென்றால் இரண்டுக்கும் ஒரே மரபணு அடையாளம், எஸ்1எஸ்2. மகரந்தத்தில் இருக்கும் அடையாளம் பூவின் சூல்தண்டிலும் இருந்துவிட்டால், மகரந்தக் குழாய் பாதி வழியிலேயே நின்றுபோகும், சூலகம் வரை போய்ச்சேராது. 1920களிலேயே இங்கிலாந்தின் ஜான் இன்ஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் கிரேன் என்பவர் ரகம் ரகமாகக் கையால் மகரந்தம் தூவிப் பார்த்து, எது எதோடு சேராது என்று குழு பிரித்து வைத்துவிட்டார். இரண்டு பேரும் முதல் குழு. அம்மாவிடம் இதைச் சொன்னபோது அப்படிச் சிரித்தாள். "அண்ணன் தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ணப் பார்த்திருக்கியேடா, பாவி."

அது போன வருடம். தையல் பிரித்ததிலிருந்து அவள் அப்படிச் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 4
வெள்ளை தெரிகிறது. இன்னும் விரியவில்லை.

ஏப்ரல் 7
முதல் பூ. அம்மாவை ஜன்னல் பக்கம் கூப்பிட்டேன், வரவில்லை.

ஏப்ரல் 11
முழுதாகப் பூத்துவிட்டது. ராத்திரி உறைபனி என்கிறார்கள். சீக்கிரம் பழுக்கும் மரம் சீக்கிரம் பூத்துத்தானே ஆகவேண்டும். வாங்கும்போது முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 12
விடிகாலை நாலு மணிக்குக் கிளையில் கட்டிய வெப்பமானி மைனஸ் 2.6 காட்டியது. முழுப் பூவில் மைனஸ் 2.2க்கு அரைமணி நேரம் போனாலே பத்தில் ஒரு பூ செத்துவிடும், மைனஸ் 3.9க்குப் போனால் பத்தில் ஒன்றுதான் மிஞ்சும். ஏணி போட்டுக் கைக்கு எட்டும் கிளைகளுக்கெல்லாம் பனித்துணி போர்த்தியிருந்தேன், உச்சி அப்படியே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. காலையில் பார்க்க எல்லாப் பூவும் வெள்ளை வெளேரென்று நன்றாகத்தான் இருந்தது, அதுதான் ஏமாற்று. பத்துப் பூவைப் பறித்து நகத்தால் பிளந்தேன். நடுவில் இருக்கும் அந்தச் சின்னப் பச்சைக் குமிழ் நான்கில் பழுப்பாகியிருந்தது. இதழுக்கு ஒன்றுமே இல்லை. வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

ஆறு பிழைத்தது. ஆறு நல்ல எண்.

ஏப்ரல் 14
எட்டு டிகிரி, தூறல். தேனீ கூட்டைவிட்டு வராது. ஒரே ஒரு தடித்த பம்பிள் தேனீ மட்டும் குளிரைப் பொருட்படுத்தாமல் ஒவ்வொரு பூவாகப் போய்வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்று மருந்து வாங்கப் போவதை மறந்துவிட்டேன். அக்கா போனில் கத்தினாள். நியாயம்தான்.

ஏப்ரல் 16
ரிவர்ஸுக்கு மகரந்தம் கொடுக்க வைத்த ஸ்டெல்லா செர்ரியில் முதல் பூ! நட்டு இரண்டு வருடம் ஆன குச்சி, மொத்தமே பதினோரு மொட்டு, அதில் மூன்று விரிந்திருக்கிறது. ஆனால் ரிவர்ஸ் கொட்டத் தொடங்கிவிட்டது. கீழே வெள்ளை விரிப்பு. ஓடிப்போய் அம்மாவின் பழைய ஓவியத் தூரிகையை எடுத்துவந்து, ஸ்டெல்லாவில் தொட்டு, ரிவர்ஸில் இன்னும் புதிதாக இருக்கும் பூக்களாகத் தேடித் தேடி, தெற்குக் கிளையில் மட்டும், 74 பூ. எழுதி வைத்துக்கொண்டேன். 74. கழுத்து வலிக்கிறது.

அம்மா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போனதும் கேட்ட முதல் கேள்வி, "என் பிரஷ்ஷைக் கழுவினியா?"

ஏப்ரல் 17
இன்னும் இரண்டு பூ விரிந்தது. ரிவர்ஸில் தொட ஒன்றும் இல்லை.

மே 4
41. பூவின் காய்ந்த உறை கழன்று, உள்ளே கொத்தமல்லி விதை அளவில் பச்சை. மற்ற கிளைகளில் பூஜ்யம், டார்ட்டேரியனிலும் பூஜ்யம். அந்த ஒரு கிளையில் 41. அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் விழுந்துவிடும் என்று ஒரு பயம், முட்டாள்தனம்தான், இருக்கட்டும்.

மே 12
அம்மாவுக்குக் கதிர் சிகிச்சை தொடங்கியது.
1/25.

மே 14
3/25. காத்திருக்கும் அறையில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. எல்லோரும் அந்த மீன் தொட்டியைத்தான் பார்க்கிறார்கள்.

ஸ்டெல்லா வந்த கதையை அங்கே உட்கார்ந்துதான் படித்தேன். இனிப்புச் செர்ரி எதுவும் தானே காய்க்காது என்றிருந்த காலத்தில், அதே ஜான் இன்ஸில் லூயிஸ் என்பவர் மகரந்தம் உருவாகும் மொட்டுகளுக்கு எக்ஸ் கதிர் கொடுத்துப் பார்த்தார். அந்த மகரந்தத்தில் ஏதோ ஒன்று உடைந்து, சூல்தண்டு அதைத் தடுக்க முடியாமல் போனது. அப்படி வந்த நாற்றின் வழியில் கனடாவின் சம்மர்லேண்டில் லாபின்ஸ் உருவாக்கியதுதான் ஸ்டெல்லா, 1968. தானே காய்க்கும், பக்கத்து மரத்துக்கும் மகரந்தம் கொடுக்கும். கதிர் பட்டதால் வந்த நல்ல குணம்.

அம்மா வெளியே வந்ததும் இதைச் சொல்லலாம் என்று இருந்தேன். வந்த முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை.

மே 19
6/25. நுனித் தளிரெல்லாம் சுருண்டு கிடக்கிறது. பிரித்தால் உள்ளே கறுப்பு அசுவினி, இலைக்கு அடியில் இடமே இல்லாமல். எறும்பு வரிசையாக ஏறி அதன் இனிப்புக் கழிவை வழித்துக்கொண்டு, பதிலுக்குப் பொறிவண்டை விரட்டிக் காவல் காக்கிறது. அடிமரத்தைச் சுற்றிப் பசைப்பட்டை கட்டினேன். மோசமான நுனிகளைக் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். மருந்து அடிக்கவில்லை. இந்த வீட்டில் போதுமான மருந்து இருக்கிறது.

மே 21
8/25. காய் 29. மஞ்சளாகி உதிர்கிறது. இது வழக்கம்தான், கரு சரியாகச் சேராததை மரமே கழற்றிவிடும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், படிக்கும்போது ஆறுதலாக இருக்கிறது, கீழே குனிந்து பொறுக்கும்போது இல்லை.

மே 23
காய் 26. பத்து முடிந்தது.

மே 25
ஞாயிறு. போகவேண்டாம். அம்மா நாற்காலியைப் போடச் சொல்லி அரைமணி நேரம் வெளியே உட்கார்ந்தாள். நான் தெற்குக் கிளையின் அடியில் பிசின் பார்த்தேன். தேன் நிறத்தில் ஒரு கட்டி, பக்கத்தில் பட்டை லேசாகக் குழிந்து கறுத்திருக்கிறது. வேறு எந்தக் கிளையிலும் இல்லை, அந்தக் கிளையில். இரண்டு வருடம் முன்பு ஜனவரியில் ஒரு குச்சியை வெட்டியது அதே இடத்தில்தான். செர்ரியைக் குளிர்காலத்தில் வெட்டவே கூடாது. ஈரத்தில் காயம் ஆறாது, பாக்டீரியா புற்று அந்த வழியாக உள்ளே போகும், வெள்ளிலை நோயின் பூஞ்சையும் போகும். கோடையில் காய்ந்த நாளாகப் பார்த்துத்தான் வெட்டவேண்டும். இப்போது வெட்டினால் 26 காயும் போய்விடும். வெட்டாவிட்டால் அது கீழே இறங்கலாம், நடுமரத்துக்கு.

"என்னடா அங்கேயே நிக்கிற?"
"ஒன்னுமில்லம்மா."

மே 26
11/25. காய் முடியும்வரை விடுவது என்று முடிவு செய்தேன். மூன்று வாரம். மூன்று வாரத்தில் என்ன ஆகிவிடும்.

மே 27
மூன்று வாரத்தில் என்ன வேண்டுமானாலும் ஆகும். பிசினைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவிட்டு வந்தேன்.

மே 29
இயந்திரம் பழுது. நாலு மணி நேரம் உட்காரவைத்துத் திருப்பி அனுப்பினார்கள். 13இல் நிற்கிறோம், கடைசி நாள் ஜூன் 16க்குத் தள்ளிப்போகிறது. அம்மா காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் தேவையில்லாமல் நிறையப் பேசினேன்.

காய் வளரவே இல்லை என்று ஒரு வாரமாகத் தோன்றியது. வளரவில்லைதான், உள்ளே கொட்டை கெட்டியாகும் நேரம். தாமதமாகப் பழுக்கும் ரகங்களில் இந்த நிற்றல் நீளும், இதில் சில நாள்தான். இன்று பார்த்தால் மூன்றில் பச்சை வெளுத்து வைக்கோல் நிறம் வந்திருக்கிறது.

ஜூன் 2
15/25. ஒன்றில் சிவப்பு!!

ஜூன் 3
அதைப் பறவை கொத்திவிட்டது. மஞ்சள் மூக்குக் கரும்பறவை, காலை ஐந்து மணிக்கு. தாவரவியலாளர் லின்னேயஸ் இந்த மரத்துக்கு வைத்த பெயரே 'அவியம்', பறவைகளுடையது என்று. யார் வீட்டு மரம் என்பதில் பறவைகளுக்குச் சந்தேகமே இல்லை. சீக்கிரம் பழுப்பதில் பழ ஈயிடமிருந்து பெரும்பாலும் தப்பிக்கலாம், ஈ பெருகுவதற்குள் பழம் முடிந்துவிடும். பறவையிடம் அது நடக்காது, ஊரிலேயே முதல் பழம் இதுதான்.

முழு மரத்துக்கு வலை போட என்னால் முடியாது, வீட்டுக் கூரையைத் தாண்டி நிற்கிறது. மெல்லிய துணியில் சின்னப் பைகள் தைத்துக் கொத்துக் கொத்தாகக் கட்டினேன். தைத்தது நான் இல்லை, அம்மா. கேட்காமலே ஊசியை வாங்கிக்கொண்டாள். எட்டுப் பை.

ஜூன் 5
18/25. கழுத்தில் தோல் கறுத்து உரிகிறது. சாப்பிட எதுவும் பிடிக்கவில்லை. "அந்தப் பழத்தைப் பறிச்சு உள்ள வைடா, தானா பழுக்கும்." பழுக்காது அம்மா. செர்ரி பறித்த நிமிடம் எப்படியோ அப்படியேதான் இருக்கும், இனிப்பு மரத்திலேயே ஏறவேண்டும். "அப்ப மரம்தான் பார்த்துக்கணும்" என்றாள்.

பிசின் கோட்டைத் தாண்டவில்லை.

ஜூன் 8
அக்கா வந்து போனாள். சண்டை. எழுதப் பிடிக்கவில்லை.

ஜூன் 10
21/25. மழை.

ஜூன் 11
மழை நிற்கவில்லை. பழுக்கும் சமயத்தில் செர்ரி தோல் வழியாகவே தண்ணீரைக் குடிக்கும், சதை ஊதும், தோல் இடம்கொடுக்காமல் பிளந்துவிடும். இரண்டு பை நனைந்து பழத்தோடு ஒட்டிக் கிடக்கிறது, பை இல்லாமல் இருந்தால் காற்றிலாவது காய்ந்திருக்கும். பையைக் கழற்றினால் பறவை, கட்டினால் ஈரம். கடைசியில் ஒரு பழைய குடையை விரித்துக் கிளையில் கட்டிவிட்டு வந்தேன். பார்க்கக் கேவலமாக இருக்கிறது. அம்மா பார்த்துவிட்டுச் சிரித்தாள். கொஞ்சம்தான்.

ஜூன் 12
பிளந்தது 12. தாளில் எழுதவே கை வரவில்லை.

ஜூன் 13
24/25. மிச்சம் 9. கருஞ்சிவப்பு, இன்னும் கறுக்கவில்லை. வெயில்.

ஜூன் 16
25/25. அங்கே ஏதோ மணி அடிக்கச் சொன்னார்கள். "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நேராகக் காருக்கு நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஏணி. ஒன்பதும் கறுப்பு. காம்போடு பறித்தேன், குறுங்கிளை உடையாமல். தட்டில் வைத்துக் கொடுத்தேன். முதல் பழத்தை வாயில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குப் பகீர் என்றது. "ருசி தெரியலடா. ஆனா சாறு இருக்கு." இரண்டாவதையும் எடுத்துக்கொண்டாள். ஏழு சாப்பிட்டாள். எனக்கு இரண்டு. இனிப்பு, ஆனால் சப்பென்ற இனிப்பு இல்லை, சாறு மணிக்கட்டு வரை வழிந்தது, கொட்டை குட்டியூண்டு.

ஜூன் 18
காய்ந்த நாள். கிளையை வெட்டினேன். முதல் வெட்டில் கட்டையின் நடுவே பழுப்பு வளையம் தெரிந்தது. இன்னும் ஒரு சாண் கீழே வெட்டினேன், அங்கேயும் ஒரு பக்கம் பழுப்பு. மூன்றாவது வெட்டு நடுமரத்தை ஒட்டி. சுற்றிலும் வெளிர்நிறம், கறை இல்லை. வளையத்தை விரலால் தடவிப் பார்த்தேன். ஓரம் சுத்தம். பிப்ரவரியில் அம்மாவின் ஆபரேஷனுக்குப் பிறகு இதே இரண்டு வார்த்தையை டாக்டர் நின்றுகொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்கேன் செப்டம்பரில்.

ஜூன் 20
அம்மா கொட்டை ஒன்பதையும் கழுவி டம்ளரில் போட்டு ஜன்னலில் வைத்திருக்கிறாள், நடவேண்டுமாம். இவ்வளவு சீக்கிரம் பழுக்கும் செர்ரியில் பழம் முந்திக்கொள்ளும், உள்ளே கரு வளர்ந்து முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும், பெரும்பாலும் முளைக்காது. முளைத்தாலும் அது ரிவர்ஸாக இருக்காது. ரிவர்ஸ் வேண்டுமென்றால் ஜூலை கடைசியில் மொட்டு எடுத்து ஒட்டவேண்டும். இதையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தேன்.

"எத்தனை அங்குல ஆழம்?" என்று கேட்டாள்.

இரண்டு என்றேன்.

ஜூன் 22
வடக்குக் கிளையில் மறுபடி அசுவினி.