டைமிங் பெல்ட்: ஒரு பல் கூடத் தள்ளக் கூடாது

கிராங்க்கையும் (பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டு) கேமையும் (வால்வுகளைத் திறக்கிற தண்டு) இணைக்கிற பல் பெல்ட்தான் டைமிங் பெல்ட். அதை மாற்றும்போது நேரத்தைத் தின்பது கழற்றி மாட்டுகிற வேலைதான். என்ஜின் பிழைப்பதும் கெடுவதும் குறி சேர்க்கிற இடத்தில். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அதற்காகத்தான் கேம் ஸ்ப்ராக்கெட்டில் (பெல்ட் மாட்டும் பல் சக்கரம்) பற்கள் இரண்டு மடங்கு. கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் 20 பல் இருந்தால், ஒரு பல் தள்ளினாலே 18 டிகிரி பிசகிவிடும். அப்போதும் பெரும்பாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் ஐடிலிங் தடுமாறும், இழுவை இருக்காது, ஸ்கேனரில் பி0016 (கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்ற பிழைக் குறியீடு) வரலாம். இன்டர்ஃபியரன்ஸ் என்ஜினில் (வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தில் மாறி மாறி வந்துபோகும் வகை) இன்னும் சில பல் தள்ளினால் வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும்.

பெல்ட்டை மட்டும் வாங்காதீர்கள். டென்ஷனர் (பெல்ட்டை விறைப்பாக வைப்பது), ஐட்லர் புல்லி (பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளை) இரண்டும் கூடவே மாற வேண்டும். வாட்டர் பம்ப் அதே பெல்ட்டில் ஓடினால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய பம்ப்பின் பேரிங் பிறகு இறுகினால் புது பெல்ட்டும் போய்விடும். கேம், கிராங்க் ஆயில் சீல்களில் கசிவு இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள், ஏனென்றால் ஆயில் பட்ட ரப்பர் ஊறி, பல் உரிந்து வரும். கிராங்க் புல்லி போல்ட் சில என்ஜின்களில் ஒருமுறை மட்டுமே பயன்படுத்தக்கூடியது. அதையும் டார்க் அளவுகளையும் (எவ்வளவு முறுக்கி இறுக்க வேண்டும் என்ற அளவு) உங்கள் என்ஜினுக்கான மேனுவலில் பாருங்கள். வேறு மாடலின் அளவு உதவாது.

என்ஜின் முழுதும் ஆறியிருக்க வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கை மட்டும் நம்ப வேண்டாம். பெல்ட் பக்கத்து என்ஜின் மவுண்டைக் (என்ஜினைத் தாங்கும் பிடி) கழற்ற வேண்டியிருந்தால், ஆயில் பேனுக்குக் கீழே மரக்கட்டை வைத்து என்ஜினைத் தாங்குங்கள். ஸ்பார்க் பிளக்குகளையும் எடுத்துவிடுங்கள். கம்ப்ரஷன் இல்லாததால் கிராங்க் கையில் லேசாகச் சுற்றும், எங்காவது இடித்தால் அது உடனே கைக்குத் தெரியும்.

கிராங்க் புல்லி போல்ட்தான் முரண்டு பிடிக்கும். புல்லியைப் பிடிக்கும் டூல் போட்டு, நீளமான கைப்பிடியால் தளர்த்துங்கள். டைமிங் லாக் பின்னை மாட்டிக்கொண்டு அந்த போல்ட்டைத் தளர்த்தவே கூடாது. குறி நகராமல் இருக்கத்தான் அந்தப் பின். அந்த விசையில் அது வளைந்துவிடும்.

பழைய பெல்ட் இருக்கும்போதே, என்ஜின் வழக்கமாகச் சுற்றும் திசையில் கிராங்க்கைச் சுற்றி, முதல் சிலிண்டரை டி.டி.சி.க்குக் (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) கொண்டுவாருங்கள். கேம் போல்ட்டைப் பிடித்துச் சுற்ற வேண்டாம். பலரும் ஏமாறுவது இங்கேதான்: புல்லியில் இருக்கும் குறி, கீழ் கவரில் இருக்கும் அளவுக்கோட்டோடு பொருந்துவதற்கானது. புல்லியும் கவரும் கழன்று வந்த பிறகு பார்க்க வேண்டியது, ஸ்ப்ராக்கெட்டில் உள்ள சின்னப் புள்ளியையும் ஆயில் பம்ப் உறையில் உள்ள கோட்டையும். அழுக்கைத் துடைத்து, எல்லாக் குறிகளிலும் வெள்ளை பெயின்ட் வைத்து, நேர் எதிரே நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சாய்வாகப் பார்த்தால் அரைப் பல் தள்ளியது போலவே தெரியும்.

இரட்டை கேம் என்ஜினில் பெல்ட்டை எடுத்தவுடன் வால்வு ஸ்பிரிங் தள்ளி கேம் துள்ளலாம். லாக் இல்லாமல் எடுக்காதீர்கள். அப்படியும் நகர்ந்துவிட்டால், கிராங்க்கை டி.டி.சி.யிலிருந்து ஏறக்குறைய 90 டிகிரி பின்னுக்குத் திருப்புங்கள். நான்கு சிலிண்டர் என்ஜினில் அப்போது பிஸ்டன்கள் எல்லாம் நடுவில் நிற்கும், கேமைத் திருப்பினாலும் வால்வு இடிக்காது. கேமைச் சேர்த்த பிறகு கிராங்க்கைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம்.

புது பெல்ட்டை மடிக்கவோ முறுக்கவோ கூடாது, உள்ளே இருக்கும் இழைகள் முறிந்துவிடும். அம்புக்குறி இருந்தால் சுழலும் திசையைப் பார்த்து இருக்கட்டும். கிராங்க்கில் தொடங்கி, டென்ஷனர் இல்லாத பக்கமாக மேலேற்றி கேமில் மாட்டுங்கள், கடைசியில் டென்ஷனர். அந்த இழுபக்கம் விறைப்பாக இருக்க வேண்டும், தளர்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் சேர வேண்டும். இழுபக்கத்தில் கொஞ்சம் தொய்வு விட்டால், டென்ஷனர் இழுக்கும்போது கேம் திரும்பி, சரியாக நின்ற குறி விலகிப்போகும். ஆட்டோ டென்ஷனரில் பின்னை உருவுங்கள். முள் உள்ள வகையில், முள் குறிக்கு நேராக வரும்வரை திருப்பி, நட்டை முறுக்குங்கள்.

லாக் பின்களை எடுத்தாயிற்றா என்று பார்த்துவிட்டு, கிராங்க்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றுங்கள். திடமாகத் தடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள், அழுத்த வேண்டாம். இரண்டு சுற்று முடிந்ததும் கிராங்க், கேம் குறிகள் மறுபடி சேர வேண்டும், டென்ஷனர் முள்ளும் இடத்தில் நிற்க வேண்டும். பெல்ட்டின் மேல் அச்சடித்த கோடுகள் மட்டும் சேராது. பெல்ட்டின் பல் எண்ணிக்கை வேறு என்பதால் அது சரிதான், அதைப் பார்த்துக் கழற்றிவிடாதீர்கள். ஸ்ப்ராக்கெட் குறி ஒரு பல் தள்ளியிருந்தால் மட்டும் பெல்ட்டை எடுத்து மறுபடி போடுங்கள். டென்ஷனரை இறுக்கி அதைச் சரிசெய்ய முடியாது.

கவர், புல்லி எல்லாம் மாட்டி, கூலன்ட் ஊற்றி, காற்றை வெளியேற்றுங்கள். ஸ்டார்ட் செய்தபின் வேகத்தோடு ஏறுகிற ஊளைச் சத்தம் வந்தால் பெல்ட் அளவுக்கு மீறி இறுகியிருக்கலாம். கவரில் படபடவென்று அடித்தால் தளர்வாக இருக்கலாம். இரண்டில் எது கேட்டாலும் உடனே அணைத்துவிட்டு, என்ஜின் ஆறிய பிறகு முள்ளை மறுபடி பாருங்கள்.